டர்போவை மாற்றச் சொன்னால் முதலில் எஞ்சின் அடியிலுள்ள ஒயில் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்

2024 மாரி வேளாண்மை வெட்டில் (நெல் அறுவடையில்) தொடங்கி அடுத்த விதைப்பு வருவதற்குள் எங்கள் டபுள் கெப்பின் எஞ்சின் பழுதுகளுக்கு 737,000 ரூபாய் போய்விட்டது. பில்களை எல்லாம் ஒன்றாக வைத்துக் கூட்டிய கணக்கு இது. அதில் பாதிக்கு மேல் போயிருக்கத் தேவையே இல்லாத காசு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டர்போ டீசல் கெப்போ வேனோ வைத்திருக்கிறவர்களுக்கு, அதிலும் வீட்டில் வேறு ஆளில்லாமல் தனியாகக் கராஜ் வாசலில் நிற்கிற பெண்களுக்கு, நான் பட்டது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். யாராவது எனக்கு இதைச் சொல்லித் தந்திருந்தால் என் தாலிக்கொடி வங்கிக்குப் போயிருக்காது.

கெப்பை 2021 இல் வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விலையில், லீசிங் போட்டு எடுத்த வாகனம். 2.5 லீற்றர் டர்போ டீசல் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சுழலிதான் டர்போ), கொமன் ரெயில் (டீசலை மிகுந்த அழுத்தத்தில் பீச்சும் முறை), மெனுவல் கியர். எங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து போக்குவரத்து லேசு என்றாலும், வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கும் பாதையில் விதைநெல், உரம், எண்ணெய்க் கான், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிப் போக வேறு வழியில்லை. 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறி, கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்ற காலத்தில் கணவர் கட்டாருக்குப் போனார். அதற்குப் பிறகு வயல், பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை, கெப் நான்கும் என் தலையில்.

முதல் அறிகுறி வெட்டுக் காலத்தில் வந்தது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது, 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டாது, செக் எஞ்சின் லைட் எரியும். நிறுத்தி, திறப்பை (சாவியை) மூடி, மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்சத் தூரம் ஒழுங்காக ஓடும். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் ஊர் தட்டையான ஊர் என்பதால் வெறும் வண்டியாக டவுனுக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றினால்தான் காட்டும். இப்படி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். எந்த நேரத்தில், எந்தக் கியரில், பாரத்தோடா வெறுமையாகவா, புகை என்ன நிறம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கறுப்புப் புகை என்றால் எரிபொருளுக்குக் காற்றுப் போதவில்லை. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணி உள்ளே போகிறதா, டீசல் எரியாமல் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இந்தக் குறிப்பே பாதி வேலை.

நான் போன முதல் கராஜில் ஸ்கேன் பண்ணினார்கள். பி 0299 என்று பழுதுக் கோட் வந்தது. டர்போவின் அழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அழுத்தம் ஏன் வரவில்லை என்பதை அந்தக் கோட் சொல்லாது. ஹோஸ் கிழிந்திருந்தாலும் அதே கோட் வரும், வெக்யூம் குழாய் கழன்றிருந்தாலும் வரும், டர்போவுக்குள் இருக்கும் இதழ்கள் கரியில் இறுகியிருந்தாலும் வரும், சென்சர் பழுதானாலும் வரும். ஆனால் எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வசனம்: “டர்போ போயிட்டு அக்கா, மாத்தத்தான் வேணும்.” கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய டர்போ ஒன்று எடுப்பித்தார்கள். டர்போ 185,000, பூட்டுக்கூலி 20,000. கழற்றிய டர்போவைக் கேட்டேன். மாற்றுக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லவேண்டும். டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரைப் பூட்டியபடியே பாரத்தோடு வீதியில் ஓட்டி, எஞ்சின் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, உண்மையில் வருவது எவ்வளவு என்று இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிராக்கும் பகுதிக்கும்), அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ஹோஸ்களுக்குள் புகை அடித்து எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கும், அது வழமை. சக்கரம் சுவரில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் ஆடினாலோதான் டர்போ முடிந்தது. இதற்கெல்லாம் அரை நாள் போதும். இதைச் செய்ய மறுக்கிற இடத்தில் வாகனத்தை விடாதீர்கள்.

மூன்று கிழமை நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு டர்போவிலிருந்து ஒரு ஊளைச் சத்தம், அம்புலன்ஸ் தூரத்தில் வருவதுபோல. ஒரு நாள் பின்னேரம் மண்முனைப் பாலத்தின் நடுவில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்களே தெரியாத அளவுக்கு நீலப் புகை. சின்னவன் பக்கத்து சீட்டில். திறப்பை மூடினேன், எஞ்சின் நின்றது. கைகால் நடுங்கிப்போய் பாலத்தின் ஓரத்தில் நின்றேன். டிப் ஸ்டிக்கை இழுத்தால் நுனியில் கூட ஒயில் இல்லை. டர்போவின் சீல் விட்டு எஞ்சின் தன் ஒயிலையே குடித்திருக்கிறது. திறப்பை மூடியதும் நின்றது என் நல்ல காலம் என்று பிறகு அறிந்தேன். சில நேரம் திறப்பை மூடினாலும் டீசல் எஞ்சின் அந்த ஒயிலை எரித்துக்கொண்டே தானாக வேகம் ஏறி ஓடும். மெனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, ஆக உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்க வைக்கவேண்டும். முடியாவிட்டால் ஆட்களை இறக்கிக்கொண்டு தூரப் போய்விட வேண்டும். பொனட்டைத் திறந்து குனிந்து பார்க்கக் கூடாது. டீசல் ஓட்டுகிற எல்லோரும் இதை மனதில் பதித்து வைத்திருக்க வேண்டும்.

இழுத்துக்கொண்டு போக 12,000. முதல் கராஜில் கேட்டால், பழைய சாமானுக்குச் சில நாள்தான் உத்தரவாதம், அது முடிந்துவிட்டது என்றார்கள். பேசிப் பார்த்தேன். “ஹஸ்பண்டைக் கோல் எடுக்கச் சொல்லுங்க மிஸ், அவருக்கு விளங்கப்படுத்துறம்” என்றார் அங்கே இருந்தவர். கட்டாரில் வெயிலுக்குள் வேலை செய்கிற மனிதனுக்கு, முன்னால் நிற்கிற எனக்கு விளங்காத எதை விளங்கப்படுத்தப் போகிறார்? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வண்டியை என் பெயரில் விடுகிறேன், காசை நான் கட்டுகிறேன், அப்படியென்றால் எனக்குத்தான் சொல்லவேண்டும். இப்போது எந்தக் கராஜிலும் முதல் வார்த்தையே இதுதான். என்ன வேலை, எந்தச் சாமான், புதிதா பழையதா, எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் திறப்பைக் கொடுக்கிறேன். கழற்றுகிற ஒவ்வொரு சாமானும் எனக்குத் திரும்பி வரவேண்டும், அதன் இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கராஜ் டர்போவைத் தொடவே இல்லை. பிரச்சினை டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டரில் என்றார்கள். ஈஜிஆர் வால்வும் (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) காற்று உள்ளே போகும் மெனிபோல்டும் கழுவ 18,000, பழைய இன்ஜெக்டர் நான்கு தலா 42,000, கூலி 15,000. கழற்றிய நான்கையும் இந்த முறை வாங்கிக்கொண்டேன். ஒரு பொலித்தீன் பையில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டேன். அது பின்னால் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்கிறேன். வண்டி வெளியே வந்தது, ஊளைச் சத்தம் அப்படியே இருந்தது, அதோடு நிற்கும்போது எஞ்சின் நடுங்கத் தொடங்கியது. கொமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோட் அச்சிட்டிருக்கும். பல எஞ்சின்களில் இன்ஜெக்டர் மாற்றினால் அந்தக் கோட்டை ஸ்கேனர் மூலம் எஞ்சின் கணினிக்குக் கொடுக்கவேண்டும். எங்கள் எஞ்சினும் அந்த வகை. அதை அவர்கள் செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து வாகன வரிப் பத்திரம், அதாவது வருமான அனுமதிப்பத்திரம், புதுப்பிக்கவேண்டி வந்தது. புகைப் பரிசோதனையில் எஞ்சினை உச்சத்துக்கு மிதித்துப் பார்ப்பார்கள். கறுப்புப் புகை கொட்டியது, பெயில். பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை, அது இல்லாமல் வீதியில் ஓட்ட முடியாது. சிறுபோக நெல்லை வாடகை லொறியில் ஏற்றினேன். அந்தச் செலவை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கிழமை இரவில் தூக்கமே இல்லை. லீசிங் தவணை ஒரு பக்கம், வங்கியில் நகை ஒரு பக்கம், அப்படியே வீட்டு வாசலில் ஓடாமல் நிற்கிற கெப்.

கூடப் படிப்பிக்கிற ஒரு டீச்சர்தான் கல்முனைப் பக்கம் டீசல் பம்ப் வேலை செய்கிற வயதான ஒரு பாஸைச் சொன்னார். நாங்கள் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கேனரை எடுக்கும் முன்னால் அவர் என் கொப்பியை வாசித்தார். எல்லாப் பில்லையும் பார்த்தார். பிறகு சொன்னார்: “தங்கச்சி, டர்போ தானா மௌத்தாகிற (சாகிற) சாமான் இல்ல. அதுக்கு ஒயில் போறல்ல, இல்லாட்டி அழுக்கு ஒயில் போகுது. அதப் பாக்காம இன்னும் பத்து டர்போ போட்டாலும் இதே கததான்.”

அவர் விளங்கப்படுத்தியதை என் சொல்லில் சொல்கிறேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது ஒயிலின் மெல்லிய படலம் மட்டும்தான். ஒயில் சில செக்கன் குறைந்தாலே உலோகம் உலோகத்தில் உரசும். அந்த ஒயில் எஞ்சினின் அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து ஒரு சல்லடை வழியாக மேலே போகிறது. இன்ஜெக்டரின் அடியில் ஒரு சிறிய செப்பு வொஷர் இருக்கும். அது தேய்ந்தால், எரிந்த வாயு இன்ஜெக்டர் பக்கமாகக் கசிந்து மேலே வரும். எங்கள் எஞ்சினில் இன்ஜெக்டர்கள் வால்வ் கவருக்குள் இருப்பதால் அந்தக் கரி நேராக ஒயிலில் கலந்து தாராகிறது. அது சல்லடையை அடைக்கிறது, டர்போவுக்குப் போகிற மெல்லிய குழாயையும் அடைக்கிறது. காக்கா சம்ப்பைக் கழற்றி சல்லடையைக் கையில் தந்தார். பாதிக்கு மேல் கறுப்புக் கட்டி. இரண்டு கராஜும் சம்ப்பைத் திறக்கவே இல்லை. புதிதாக வந்த டர்போவை அந்த ஒயிலோடுதான் ஓடவிட்டிருக்கிறார்கள். செப்பு வொஷர் நான்கின் விலை அந்த டர்போவின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

அடுத்தது லீக் ஒஃப் டெஸ்ட். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு கண்ணாடிக் குழாயில் பிடித்து, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது. நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு நிற்கவேண்டும். எங்களுடையதில் இரண்டு குழாய் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிரம்பியது. 168,000 கொடுத்துப் போட்ட பழைய இன்ஜெக்டர்களில் இரண்டு ஏற்கனவே தேய்ந்தவை. சீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய நான்கையும் எடுத்துக் கொடுத்தேன். கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பி, இன்ஜெக்டர் சோதிக்கும் பெஞ்சில் போட்டுப் பார்த்தோம். மூன்று நல்ல நிலையில் இருந்தன. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி, மூன்று பழையதையும் திரும்பப் போட்டு, புது வொஷர் வைத்து, கோட் நான்கையும் கொடுத்தார். ஆகவே இன்ஜெக்டர் மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால் குழாயில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நான்கையும் ஒரேயடியாக மாற்று என்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

முதன்முதலில் வந்த இழுவைக் குறைவுக்கு என்ன காரணம் என்றும் தேடினார். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்குக் கீழே ஒரு விரல் நீளக் கிழிசல். வெறுமையாக ஓடும்போது மூடியிருக்கும், பாரம் ஏறி அழுத்தம் கூடினால் விரியும். ஹோஸின் விலை 14,000. முதல் டர்போ உண்மையில் செத்திருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது என் கையில் இல்லை.

மீதிச் செலவு இப்படி: டர்போவின் உள்பகுதி புதிதாக 95,000, சம்ப் வேலை, ஒயில் குழாய், இரண்டு தடவை ஒயில் 58,000, புது இன்ஜெக்டர் 98,000, வொஷரும் கூலியும் 40,000, பெஞ்ச் பரிசோதனையும் போக்குவரத்தும் 14,000. ஆரம்பத்திலேயே அளந்து பார்த்திருந்தால், டர்போவின் உள்பகுதியை மாற்ற வேண்டி வந்திருந்தாலும்கூட எல்லாம் மூன்றரை லட்சத்துக்குள் முடிந்திருக்கும். டர்போ பூட்டும்போது காக்கா செய்த இரண்டு விஷயத்தையும் கவனித்து வையுங்கள். ஒயில் குழாயைக் கழுவாமல் புதிதாகவே போட்டார். ஸ்டார்ட் பண்ணும் முன் டர்போவுக்குள் கையால் ஒயில் ஊற்றி, எஞ்சின் பற்றாமல் சுற்றவிட்டு, ஒயில் வந்து சேர்ந்த பிறகுதான் பற்றவைத்தார். ஆயிரம் கிலோமீற்றரில் மறுபடி ஒயில் மாற்றி, சல்லடையையும் திறந்து பார்த்தார்.

எங்கள் பக்கத்துக்கு என்று சில கவனங்கள் இருக்கின்றன, அவற்றையும் காக்காதான் சொன்னார். வெட்டுக் காலத்தில் நெல்லின் சுனையும் பதரும் எயார் ஃபில்டரை அடைத்துவிடும். இன்டர்கூலர், ரேடியேட்டர் தகடுகளுக்குள்ளும் போய் ஒட்டும். கையேட்டில் போட்டிருக்கிற தூரம் வரும்வரை பார்த்திருக்காமல் வெட்டு முடிந்த கையோடு ஃபில்டரை மாற்றவேண்டும். தகடுகளை மெதுவான தண்ணியில் கழுவவேண்டும், பிரஷர் அடித்தால் மடங்கும். கடல் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று ஹோஸ் கிளிப்பையும் சென்சர் வயர் முனைகளையும் தின்றுவிடும். மாரியில் வெள்ளம் நிற்கிற பாதையில் டயர் பாதி மூழ்கும் தண்ணிக்குள் இறக்கவே கூடாது, எயார் ஃபில்டர் வழியாகத் தண்ணி ஏறினால் எஞ்சினே போகும். கானில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றாதீர்கள். கொமன் ரெயில் பம்ப் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிற சாமான், நம் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அந்த அழுத்தத்தில் ஒரு துளி தண்ணியும் ஊசி முனையளவு அழுக்கும் இன்ஜெக்டரை அரித்துவிடும். எங்கள் எஞ்சினில் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணி வடிக்கும் திருகு இருக்கிறது. மாதம் ஒருக்கா திறந்து வடித்துப் பார்க்கிறேன்.

ஒயிலை இப்போது 5,000 கிலோமீற்றரில் மாற்றுகிறேன். கையேட்டில் உள்ள தரத்தைத்தான் வாங்குகிறேன், கானின் சீல் என் கண் முன்னால் உடையவேண்டும். பாரத்தோடு வந்து நின்றால் உடனே எஞ்சினை அணைப்பதில்லை. ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகு அணைக்கிறேன். சூடான டர்போவுக்குள் ஒயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிக் கரியாகும்.

வண்டியை விற்றுவிடு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்த பிறகு கணவரும் போனில் அதையே கேட்டார். கணக்குப் பார்த்தேன். வரியோடு வருகிற புது வாகனத்தை எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது. இன்னொரு பழைய டர்போ டீசலை வாங்கினால் அதன் சல்லடைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆகவே வைத்திருக்கிறோம். பழையதொன்று வாங்க நினைக்கிறவர்கள் ஸ்கேன் ரிப்போட்டோடு திருப்திப்படாமல், விலை பேசும் முன் வால்வ் கவர் மூடியைத் திறந்து உள்ளே தார் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், லீக் ஒஃப் டெஸ்ட்டும் கேட்கவேண்டும். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த வாகனத்தைப் பாருங்கள்.

புகைப் பரிசோதனை பாஸாகி வரியும் கட்டியாயிற்று. நகையில் பாதி மீண்டு வந்திருக்கிறது. இன்ஜெக்டரில் தேய்ந்த இரண்டையும் கொண்டுபோய் இரண்டாவது கராஜில் லீக் ஒஃப் அளவைக் காட்டிக் கேட்டதில் 30,000 திருப்பித் தந்தார்கள். பில்லும் சாமானும் கையில் இருந்ததால்தான் அதுவும் வந்தது. மாரி விதைப்பு முடிந்ததும் டைமிங் பெல்ட் மாற்றவேண்டும். அதற்குக் காக்காவிடம் எழுத்தில் விலை வாங்கி வைத்திருக்கிறேன்.